அக்கி எழுதிய கை

என் தங்கச்சி செவ்வந்தியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்த பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை. கல்குவாரியில் டீசல் ரூமுக்குப் போடுகிற பித்தளைப் பூட்டு, என் உள்ளங்கை அகலம் இருக்கும். அதைப் பார்த்ததுமே எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறிவிட்டது. டீசலைத் திருடிவிடுவார்கள் என்று பூட்டுவது சரி. பொண்டாட்டியை எவன் திருடப் போகிறான்?

வாசலில் அவள் மாமியார் ஆண்டாளம்மாள் முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா அத்த, பட்டப்பகல்ல வூட்டுக்கு வெளிப்பூட்டு?”

“அவளுக்கு ஜுரம் சுகிர்தா. தூங்கிக்கினு கீறா.”

“தூங்கறவளை எதுக்குப் பூட்டணும்? தூக்கத்துல எழுந்து மெட்ராஸ் போயிடுவாளா?”

உள்ளே இருந்து ஒரு முனகல் வந்தது. கன்று போட முடியாமல் மாடு முனகும், அந்த மாதிரி. பிறகு “அக்கா” என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

நான் பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்ததற்குக் காரணம் பூஜா. அவளும் என் தங்கச்சியும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லைனில் தைக்கிறவர்கள். காலையில் போன் பண்ணி, “அக்கா, செவ்வந்தி வேனுக்கு வர்றதே இல்ல, போனும் போக மாட்டேங்குது. அவ வூட்டுக்காரரு வேன் ஓட்டற ஏழுமலை அண்ணனை நடுரோட்ல போட்டு அடிச்சிட்டாரு. பல்லு பூடுச்சு” என்றாள். ஏழுமலைக்கு அறுபது நெருங்குகிறது. பேத்திக்குக் காது குத்தின மனுஷன். அவரை எதற்கு அடித்தான் என்று கேட்டேன். பூஜா சொல்லக் கூசினாள், அப்புறம் சொன்னாள். கையிலிருந்த நாற்றுக்கட்டைச் சேற்றிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஏறினேன்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனியில் லைன் ஓடும்போது பாத்ரூம் போக வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடமிருந்து கழுத்தில் மாட்டுகிற அட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு அட்டை. போனவள் திரும்புவதற்குள், “உள்ள இன்னா குடும்பம் நடத்தறாளா?” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கத்துவான். அதனால் வேனில் போகிற பெண்கள் ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு போவார்கள், சாயந்திரம் அதை அப்படியே கொண்டுவந்து செடிக்கு ஊற்றுவார்கள். செவ்வந்தி வீட்டு வாசலில் இருக்கிற செம்பருத்தி அப்படி வளர்ந்ததுதான். செடி தளதளவென்று இருந்தது, இவள் வற்றிப் போனாள்.

முதலில் போகும்போது எரிச்சல். போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி முட்டும், எழுந்து போனால் சொட்டுச் சொட்டாக வரும். உடம்புச் சூடு என்று ஆண்டாளம்மாள் கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டாள். எங்கள் பக்கம் நீர்க்கடுப்புக்கு அதுதான் முதல் வைத்தியம். மோர் கொடுத்தாள், இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அதுவரைக்கும் மாமியாரை நான் ஒரு குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மூத்திரம் கலங்கி, நாற்றமெடுத்து, கறி கழுவின தண்ணீர் நிறத்தில் வந்தபோது செவ்வந்தி பயந்துபோய்ப் புருஷனிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்?

வேதகிரி குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்குப் பிறகும் ரொம்ப நாள் வெளியூர் லாரிதான் ஓட்டினான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, மாத்திரை என்று சொல்லவில்லை.

“யாராண்ட வாங்கினு வந்தே?” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. எதை வாங்கிக்கொண்டு வந்தேன் என்று கேட்டாள். முதல் அறை விழுந்தது.

“நடிக்காதடி. அந்த எரிச்சல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது வெட்டை நோவு. தப்புப் பண்ணாம வராது. வேன் ஓட்டறவனா, கம்பெனிக்காரனா? பேரைச் சொல்லு.”

உதடு கிழிந்தது. சுவரோரம் சரிந்தவளை விலாவில் உதைத்தான். ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்த இடம் அது. என் தங்கச்சி வாயில்லாத பூச்சிதான், ஆனால் மக்கு இல்லை. வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்விதான் அவனுக்கு வெறியேற்றியது. பெல்ட்டை உருவினான். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்க, அவள் வாயைப் பொத்தினான். பொத்தின கையின் கட்டைவிரல் சதையை அவள் கவ்விக்கொண்டாள். பல்லு எலும்புல இடிக்கிற வரைக்கும் கடிச்சேன் அக்கா என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். நல்லா செய்தே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அன்றைக்குப் பூட்டினான். ஆம்பிளை பேரைச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்றான். சொல்வதற்கு அவளிடம் பேர் இல்லை. போனைச் சுவரில் அடித்து உடைத்தான். ஒரு வாளியை உள்ளே தள்ளினான். ஆண்டாளம்மாள் ஜன்னல் வழியாகக் கஞ்சி நீட்டினாள். செவ்வந்திக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது, வாந்தி வந்தது, முதுகில் விலாவுக்குக் கீழே கை வைக்க முடியாத வலி வந்தது. பேர் மட்டும் வரவில்லை. அவனுக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, வேன் நிற்கிற இடத்துக்குப் போய் ஏழுமலையின் பல்லை உடைத்தான்.

அவன் கை மட்டும் சும்மா இருக்குமா? கடிபட்ட இடம் வீங்கியது. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. தொட்டால் கொதித்தது. பொண்டாட்டி கடித்துவிட்டாள் என்று ஒரு டிப்பர் டிரைவர் வெளியே சொல்வானா? குவாரியில் சிரித்தே கொன்றுவிடுவார்கள். ஆண்டாளம்மாள் சிவப்பைப் பார்த்து, “அக்கி கண்டுகீது நைனா” என்றாள். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அக்கி வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். வெயிலில் உழைக்கிறவனுக்கு வருகிற மரியாதையான நோய் அது. அக்கிக்கு எழுதுகிற குயவர் வீட்டுக்குப் போய், காவிக்கல்லைக் குழைத்து முழங்கை வரைக்கும் பூசி, அதன்மேல் நோயை விரட்டச் சிங்கப் படம் எழுதிக்கொண்டு வந்தான். எழுதின பெரியவர், “கொப்புளத்தைக் காணமேப்பா, கையை யாராவது டாக்டராண்ட காட்டேன்” என்றாராம். “எழுதுய்யா” என்றானாம் இவன்.

அக்கி எழுதின இடத்தில் தண்ணீர் படக் கூடாது. அதனால் கடிவாய் கழுவப்படவே இல்லை. காவிச் சிவப்புக்கு அடியில் நிஜச் சிவப்பு எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. என் தங்கச்சிக்கு வந்தது நடத்தை கெட்ட நோய், இவனுக்கு வந்தது அக்கி.

“சாவி எங்க அத்த?”

“அவன் இடுப்புலதான் கீது. வெளி ரூம்ல படுத்துக்கினு இருக்கான். எழுப்பாத சுகிர்தா, அவனுக்கும் ஜுரம்.”

நான் சாவிக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, பூட்டு மாட்டியிருந்த கொண்டியில் கொடுத்து நெம்பினேன். பூட்டு அசையவில்லை, மரம்தான் கிறீச்சிட்டது. இரண்டாவது நெம்பு நெம்பும்போது பின்னாலிருந்து ஒரு கை என் கொண்டையைப் பிடித்து இழுத்தது.

வேதகிரிதான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. இடது கையில் என் தலைமயிர். வலது கையில் முழங்கை வரைக்கும் காவி, அதன்மேல் வாலைத் தூக்கின சிங்கம். கை வீங்கினதில் சிங்கமும் வீங்கிப் பன்றி மாதிரி ஆகியிருந்தது. நிற்கிற நிலையிலேயே அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“பேரு சொல்ற வரைக்கும் தொறக்க மாட்டேன். மரியாதையா ஊரு போய்ச் சேரு.”

“பேருதான வேணும்? சுகிர்தா. வச்சிக்கோ,” என்று கடப்பாரையைப் பின்பக்கமாகவே சுழற்றினேன்.

முழங்காலில் பட்டது. ஐயோ என்று குனிந்தான், ஆனால் முடியை விடவில்லை. அப்படியே என்னைக் கதவில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. வயிற்றில் ஒரு உதை விழுந்தது. கர்த்தரே என்று கூப்பிடக்கூட மூச்சு இல்லை. தெரு முழுக்கக் கூடிவிட்டது. கூடின தெரு வேடிக்கைதான் பார்த்தது, ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். கடப்பாரை கை நழுவிப் போனதும் என் கைக்கு அகப்பட்டது அந்தச் சிங்கம்தான். இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினேன்.

அவன் போட்ட கத்தல் மனுஷக் கத்தலாக இல்லை. காவி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. என் விரல் இடுக்கில் மஞ்சளாகச் சீழ் வழிந்தது. குப்பென்று நாற்றம் அடித்தது, முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். வேதகிரி மண்ணில் முட்டி போட்டு, அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். நானும் கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நெம்ப எனக்குத் தெம்பில்லை.

அப்போது ஆண்டாளம்மாள் வந்தாள். மகனைத் தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் இடுப்பில் கையை விட்டுச் சாவியை உருவி என் மடியில் போட்டாள்.

“உள்ள ரொம்ப நேரமா சத்தமே இல்ல சுகிர்தா. செத்துகித்து பூட்டாளா பாரு. நான் ஜெயிலுக்குப் போக மாட்டேன்.”

அந்த நேரத்திலும் அவளுக்கு ஜெயில்தான் கவலை. போகட்டும், சாவி கிடைத்ததே.

செவ்வந்தி சாகவில்லை. வாளிக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தாள். புடவை பின்பக்கம் ரத்தமும் ஈரமுமாக ஒட்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, அவளோ குளிருது குளிருது என்றாள். முகத்தில் ஒரு பக்கம் கறுத்து வீங்கி, கண் திறக்கவில்லை. மற்ற கண்ணால் என்னைப் பார்த்து, “பேரு கேட்டா சொல்லிடுக்கா, ஏதாவது ஒரு பேரைச் சொல்லிடு, முடியல” என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் தெருமுனையில் கம்பெனி வேன் நின்றது. காலை ஷிப்ட் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற நேரம். கூட்டத்தைப் பார்த்து ஏழுமலை இறங்கி வந்தார். மேலுதடு தடித்து, முன்பல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. செவ்வந்தியின் காலைப் பிடித்தார், பின் சீட்டில் படுக்க வைத்தோம். திரும்பிப் போய், மண்ணில் கிடந்தவனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

“அது கெடக்கட்டும் அண்ணா, நாயி.”

“கெடந்து செத்தா கேஸ் நம்ம மேல வரும்மா. பேஜாரு. ஏத்து.”

பல் இல்லாததால் காற்றாக வந்தது பேச்சு. அடித்தவன், அடிபட்டவள், பல் போனவர், மண்டை உடைந்த நான், நடுவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆண்டாளம்மாள். அந்த வேன் அப்படி ஒரு சவாரி பார்த்திருக்காது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ஒரே ஹால். ஆண் பெண்ணுக்கு நடுவில் ஒரு பச்சைத் திரை. டாக்டர் ஜெயப்பிரியா சின்ன வயசு, முகத்தில் சிரிப்பே கிடையாது. செவ்வந்தியின் முதுகில் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினார். அவள் துள்ளி விழுந்தாள். பாட்டிலில் பிடித்த மூத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், லேபுக்கு அனுப்பினார், ரிசல்ட் எழுதின தாள் வந்தது.

“மூத்திரப் பையில வந்த கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. எரிச்சல், அடிக்கடி போறது, கலங்கிப் போறது, இதெல்லாம் இருந்தப்பவே வந்திருந்தா மாத்திரையில முடிஞ்சிருக்கும். குளிர் ஜுரமும் முதுகு வலியும் வந்தப்புறம் ஒரு நாள்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது. ஏம்மா வரல?”

“கதவு பூட்டி இருந்துது மேடம்” என்றேன். என் நெற்றியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசி போட்டு டிரிப் ஏற்றினார். பிழைச்சுக்குவா என்று சொன்ன பிறகுதான் எனக்கு நெற்றி வலிப்பதே தெரிந்தது.

அப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் போனார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நர்ஸ் மருந்துத் தண்ணீர் விட்டுக் காவியைக் கழுவினாள். சிங்கம் கரைந்து தட்டில் இறங்கியது. காவி போயிற்று, கட்டைவிரல் சதையில் பல் தடம் தெரிந்தது, சிவப்பு போகவில்லை. தோல் பளபளவென்று விறைத்து, முழங்கையைத் தாண்டி அக்குள் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் கையைச் சுற்றிக் கோடு போட்டார்.

“இது அக்கி இல்ல. அக்கின்னா கொப்புளம் கொப்புளமா வரும். இது தோலுக்குள்ள கிருமி போய்ப் பரவுது. கோட்டைத் தாண்டுதான்னு பார்க்கணும். இப்பவே சீழைக் கீறி எடுக்கணும், லேட்டானா கையே போயிடும். எது கடிச்சுது?”

“நாயி.”

“அக்கின்னு நான் சொன்னப்ப ஆமான்னியேடா!” என்றாள் ஆண்டாளம்மாள்.

“தெரு நாயா? சிஸ்டர், நாய்க்கடி ஊசி எடுங்க.”

“நாய் இல்ல மேடம்.” திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். செவ்வந்தி தலையைத் தூக்கியிருந்தாள். “நான்தான் கடிச்சேன்.”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டாக்டர் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

“ஏன் கடிச்சீங்க?”

“மூத்திரம் எரியுதுன்னு சொன்னேன். அதுக்கு அடிச்சான்.”

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை அவள் சொல்வது ‘அவரு’ என்றுதான். ‘அடிச்சான்’ என்று அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

“யாராண்ட வாங்கினு வந்தான்னு கேளுங்க மேடம்!” வேதகிரி படுக்கையிலிருந்து எகிறினான். “அதைக் கேளுங்க முதல்ல!”

“யார் கிட்டயும் வாங்கல. எல்லார் வயித்துலயும் இருக்கிற கிருமிதான். பொம்பளைங்களுக்கு அந்த வழி ரொம்பச் சின்னது. தண்ணி குடிக்காம நாள் முழுக்க அடக்கி வச்சா சுலபமா மேல ஏறும். சின்னக் குழந்தைக்கும் வரும், கன்னியாஸ்திரிக்கும் வரும்.” டாக்டர் அவன் பக்கம் குனிந்தார். “எரிஞ்சா அந்த நோய்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் ஃபேனைப் பார்த்தான். ஆண்டாளம்மாள் அவனைப் பார்த்தாள். டாக்டர், இவருக்கு அந்த டெஸ்டும் சேர்த்து எடுங்க என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, “அடிச்சது, கடிச்சது, பூட்டினது எல்லாம் போலீசுக்கு எழுதணும்” என்றார்.

அவ்வளவுதான், ஆண்டாளம்மாள் ஓடி வந்து செவ்வந்தியின் காலைப் பிடித்தாள். “கால் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுடி. என் தங்கமில்ல. ஆம்பிளை ஜெயிலுக்குப் பூட்டா குடும்பம் இன்னாவறது?” அவள் பிடித்திருந்த கால் கட்டைவிரலில் அவளே தடவின சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. செவ்வந்தி அதைப் பார்த்தாள். காலை மெதுவாக உருவி மடக்கிக்கொண்டாள்.

“எழுதுங்க மேடம்.”

டிரிப் பாட்டில் மாற்றின பிறகு ஜுரம் கொஞ்சம் இறங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். பழக்க தோஷம், ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடப் பார்த்தாள். ஒரு அதட்டுப் போட்டதும் முழுப் பாட்டிலையும் குடித்தாள். குடித்ததும் முட்டியது. டிரிப் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தபடி, அவளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனேன்.

வழியில்தான் கட்டுப் போடுகிற ரூம். கதவு பாதி திறந்திருந்தது. வேதகிரிக்கு மரத்துப்போக ஊசி போட்டும் சீழ் இருக்கிற இடத்தில் அது சரியாகப் பிடிக்கவில்லை போல. கட்டைவிரல் சதையைக் கீறிப் பிளந்து, உள்ளே மருந்து விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அவன் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். பேனாக் கோட்டைச் சிவப்பு தாண்டியிருந்தது.

“எரியுது... ஐயோ எரியுதே... அம்மா எரியுதே...”

செவ்வந்தி நின்றாள். நான் இழுத்தேன், வரவில்லை. அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கத்தல் நின்றது. வீங்காத ஒரு கண்ணால் அவள் அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“யாராண்ட வாங்கினு வந்தே?”

கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து நடந்தாள்.

பாத்ரூமுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். டிரிப் டியூப் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளாமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். இன்னும் எரியத்தான் செய்தது போலிருக்கிறது, உள்ளே அவள் பல்லைக் கடிப்பது கேட்டது. அப்புறம், “வந்துட்டேன்க்கா, இதோ வந்துட்டேன்” என்று பதறினாள்.

“எவ்ளோ நேரம் வேணாலும் இரும்மா” என்றேன். “யாரும் கூப்பிட மாட்டாங்க.”